ஊன்றிய கால்

கடலூர், காலை ஐந்தரை

மஞ்சக்குப்பத்தில் நாங்கள் கூடைப்பந்து ஆடிய சிமெண்ட் தரை இன்னும் இருக்கிறது. அங்கிருந்து கடல் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் தேவனாம்பட்டினத்துக் காற்று இரவெல்லாம் மணலைக் கொண்டுவந்து கோடுகளின் மேல் தூவிவிட்டுப் போகும். எங்கள் நாளில் முதலில் வருகிறவனுக்குப் பந்து கிடைக்காது, தென்னந்துடைப்பம்தான் கிடைக்கும். பி.டி. சார் தரையை ஒரு சுற்று பார்த்த பிறகுதான் பந்து இருக்கும் அறையின் சாவியை எடுப்பார். ‘‘மணல்ல கால் நிக்காதுடா. கால் நிக்காதவனுக்குக் கையில பந்து எதுக்கு?’’ என்பார்.

இன்று பெருக்கிக்கொண்டிருந்தது ஒரு சிறுமி. பதின்மூன்று வயது இருக்கும். துடைப்பத்தை போர்டுக் கம்பத்தில் சாய்த்தாள். ஒரு காலைத் தூக்கி ஷூவின் அடியை உள்ளங்கையால் துடைத்தாள், பிறகு மறு கால். கையைப் பின்பக்கம் தட்டிக்கொண்டாள். நாற்பது வருடத்துக்கு முன்னால் நானும் இதே இடத்தில் இதையேதான் செய்தேன். யாரும் சொல்லிக்கொடுத்ததாக நினைவில்லை.

அமெரிக்காவில் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழக அணிக்கு 12 ஆண்டுகளில் 10 தேசியப் பட்டங்கள் வாங்கிக்கொடுத்தவர் ஜான் வுடன். பருவத்தின் முதல் நாள் பயிற்சியில் அவர் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தது சாக்ஸ் போடுவது எப்படி என்பதை. சுருக்கம் விழுந்தால் கொப்புளம், கொப்புளம் வந்தால் இரண்டு நாள் பயிற்சி போச்சு. பின்னாளில் பெரும்புகழ் பெற்ற ஆட்டக்காரர்கள் எல்லாம் அவர் முன்னால் உட்கார்ந்து, விரல் நுனியிலிருந்து குதிகால்வரை சாக்ஸை நீவிவிட்டிருக்கிறார்கள். எங்கள் சாருக்கு வுடன் பெயர் தெரிந்திருக்குமா என்று தெரியாது. இருவரும் காலில் ஆரம்பித்தார்கள்.

ஒரே ஒரு விதி

கூடைப்பந்து தெரியாதவர்களுக்கு இந்த ஒன்றைச் சொன்னால் போதும் என்று நினைக்கிறேன். பந்தைப் பிடித்து நின்றுவிட்டால் ஒரு காலை ஊன்றியாக வேண்டும். ஊன்றிய கால் அந்த இடத்தைவிட்டு நகரக்கூடாது. அதே இடத்தில் சுழலலாம். மறு காலை முன்னால், பின்னால், பக்கவாட்டில் எங்கே வேண்டுமானாலும் எடுத்து வைக்கலாம், எத்தனை முறை வேண்டுமானாலும். இதற்குப் பெயர் பிவட். ஊன்றிய கால் இழுபட்டால் ‘டிராவல்’ என்று விசில் விழும், பந்து எதிரணிக்குப் போய்விடும்.

இந்த ஆட்டத்தின் விதையே இந்தத் தடையில்தான் இருக்கிறது. 1891 டிசம்பர், மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி. வெளியே பனி. உள்ளே அடங்காத மாணவர் கூட்டம் ஒன்று ஜேம்ஸ் நெய்ஸ்மித் தலையில் கட்டப்பட்டிருந்தது. கூடத்துக்குள் ஃபுட்பால் விட்டால் எலும்பு முறியும். ஏன் ஒருவனை ஒருவன் இடித்துத் தள்ளுகிறான் என்று யோசித்தார். பந்தோடு ஓடுவதால்தானே? ஓடவே கூடாது என்றால் தள்ளுவதற்கு வேலை இல்லை. அங்கிருந்து 13 விதிகள் பிறந்தன. மாடத்துக் கைப்பிடியில் பீச் பழக் கூடைகள் இரண்டை ஆணியடித்து மாட்டினார்கள். மாடம் பத்தடி உயரம். அதனால்தான் இன்றைக்கும் உலகம் முழுக்க வளையம் 3.05 மீட்டர் உயரத்தில் நிற்கிறது.

எங்கள் பி.டி. சார், 1920இல் எச்.சி. பக் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் படித்துவிட்டு வந்தவர். பந்தே இல்லாமல் ஒரு வாரம் எங்களைச் சுழலவிட்டார். இடது கால் பெருவிரல் அடியில் ஒரு ரூபாய் காசை வைப்பார். சுழன்று முடித்தபின் காசு அதே இடத்தில் இருக்க வேண்டும். காசு போனவன் தண்ணீர் எடுத்து வர வேண்டும்.

தேய்மானம்

நான் வலது கைக்காரன். அதனால் இடது கால்தான் ஊன்றும். வருடத்துக்கு ஒரு ஷூ வாங்க வீட்டில் வசதி இல்லை. மேல்பக்கம் புதிதாகவே இருக்கும். இடது ஷூவில் பெருவிரலுக்குக் கீழே, எட்டணாக் காசு அளவுக்கு வட்டமாக ஓட்டை விழுந்திருக்கும். திருப்பாதிரிப்புலியூரில் செருப்பு தைக்கும் பெரியவர் ஒருவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

‘‘என்னா தம்பி, ஒரு காலு மட்டும் இப்படித் தேஞ்சிருக்கு? சைக்கிளுக்கு பிரேக் இல்லியா?’’

ஆட்டத்தைப் பற்றி விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டே டயர்த் துண்டை வட்டமாக வெட்டி ஒட்டினார். ‘‘அப்ப ஓடுற காலு தேயாது. நிக்கிற காலுதான் தேயும்’’ என்றார். காசு வாங்கிக்கொண்டு அடுத்தவரின் செருப்பை எடுத்துக்கொண்டார்.

சிதம்பரம், கீழ வாசல்

கடலூரிலிருந்து ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் வழியாக பஸ் ஒன்றரை மணி நேரத்துக்குள் கொண்டுவந்து விட்டுவிடும். கீழ வீதியில் இறங்கி நடந்தால் கிழக்குக் கோபுர வாசல். உள்ளே போகும் அவசரத்தில் பெரும்பாலோர் அதன் இரு பக்கச் சுவர்களைப் பார்ப்பதில்லை. அங்கே கரணங்கள் என்னும் 108 ஆடல் நிலைகள் கல்லில் நிற்கின்றன. அருகில் நாட்டிய சாஸ்திர வரிகள் வெட்டப்பட்டிருக்கின்றன. ஆட்டக்காரன் கண்ணோடு பார்த்தால் முதலில் படுவது முழங்கால்தான். கரணத்துக்குக் கரணம் முழங்கால் மடிந்திருக்கிறது. விறைத்த கால் அபூர்வம். எடை கீழே இறங்கியிருக்கிறது. எங்கள் சார் இதைத்தான் கத்திக்கொண்டே இருப்பார்: ‘‘குந்துடா, குந்து!’’

உள்ளே ஆடவல்லான். வலது கால் முயலகன்மேல் ஊன்றியிருக்கிறது, இடது கால் எழுந்திருக்கிறது. கண் எழுந்த காலுக்குத்தான் போகும். குஞ்சிதபாதம் என்று பெயர் பெற்றதும் அதுதான். எனக்கு மட்டும், தேய்ந்த ஷூவைச் சுமந்த பழக்கத்தால், கண் ஊன்றிய காலில் நின்றுவிடும். சடை விரிகிறது, கை வீசுகிறது, சுற்றிலும் தீ. அவ்வளவும் ஒரு பாதத்தின்மேல்.

பொன்னம்பலத்தின் கூரையில் 21,600 பொன்னோடுகள் என்பார்கள். மனிதன் ஒரு நாளில் விடும் மூச்சின் கணக்கு. படிக்கட்டில் உட்கார்ந்து வகுத்துப் பார்த்தேன். ஒரு நாளுக்கு 86,400 விநாடி. ஒரு மூச்சுக்கு நான்கு விநாடி.

ஃப்ரீ த்ரோ போட ஆட்டத்தில் தரும் நேரம் ஐந்து விநாடி. ஒரு மூச்சும் கொஞ்சமும்.

ஒரு மூச்சு

ஃப்ரீ த்ரோ ஆட்டத்துக்குள் இருக்கும் ஆட்டமில்லாத இடம். 4.6 மீட்டர் தூரம். யாரும் மறிக்கமாட்டார்கள், யாரும் தொடமாட்டார்கள். இரண்டு காலும் கோட்டுக்குப் பின்னால் நிற்கும். பந்து நடுவரிடமிருந்து கைக்கு வரும். அவ்வளவு நேரம் மோதலில் இருந்த உடம்புக்குத் திடீரென்று எதிரியே இல்லை. அப்போதுதான் மனம் பேச ஆரம்பிக்கும். போன தடவை தவறியது ஞாபகம் வரும். பெஞ்சில் கோச் தலையில் கை வைத்திருப்பது தெரியும். அப்பா வந்திருக்கிறாரா என்று கண் தேடும்.

தேர்ந்தவர்கள் இந்த மௌனத்துக்கு ஒரு சடங்கு வைத்திருப்பார்கள். பந்தை மூன்று முறை தட்டுவது, மூச்சை விடுவது, முழங்காலை மடக்குவது. ஒவ்வொரு முறையும் அதே வரிசை. பக்தி என்று யாரும் அதைச் சொல்லமாட்டார்கள், ஆனால் அதன் வேலை அதுதான். மனத்துக்கு ஒரு காரியம் கொடுத்து ஓரமாக உட்கார வைப்பது.

அப்படியும் தவறும். அமெரிக்கத் தொழில்முறை லீகான என்.பி.ஏ.வில் ஸ்டீவ் நாஷ் வாழ்நாள் முழுக்க ஃப்ரீ த்ரோவில் நூற்றுக்குத் தொண்ணூறு போட்டவர். பத்தில் ஒன்று அவருக்கும் தவறியது. ஷக்கீல் ஓ’நீலுக்குப் பாதிக்குச் சற்று மேல்தான் விழுந்தது, ஆனாலும் நான்கு முறை என்.பி.ஏ. பட்டம் வென்ற அணிகளில் அவர் இருந்தார். தவறிய பந்து போர்டில் பட்டுத் திரும்பும் அந்த நொடியில் ரீபவுண்டுக்கு ஓடுகிறானா, தலையைத் தொங்கப்போடுகிறானா என்பதைத்தான் சார் குறித்துக்கொள்வார். அவருடைய நோட்டில் ‘விழுந்தது, விழவில்லை’ என்ற பத்தியே கிடையாது.

டப்

எனக்கு இருபத்தேழு வயது. மாவட்டப் போட்டி ஒன்று. பந்தைப் பிடித்தேன், இடது காலை ஊன்றினேன், உடம்பைத் திருப்பினேன். உடம்பு திரும்பியது, கால் திரும்பவில்லை. உள்ளே ‘டப்’ என்று ஒரு சத்தம், ஈரத் துணியை உதறுகிற மாதிரி. பக்கத்தில் யாருமே இல்லை. இடித்தவன் இருந்தால் திட்டிக்கொள்ளவாவது ஒருவன் கிடைத்திருப்பான்.

முழங்காலின் முன் குறுக்குத் தசைநார் அறுவது பெரும்பாலும் இப்படித்தான் என்று பிறகு தெரிந்தது. மோதலே வேண்டாம். பாதம் தரையில் இறுகிப் பிடித்திருக்க, மேலே உடல் முறுக்கிக்கொண்டால் போதும். ஊன்றும்போது குதிகால் ஒரு நூல் அளவு எழுந்திருக்க வேண்டும், எடை விரல் பக்கம் இருக்க வேண்டும். அன்று நான் முழுப் பாதத்தையும் பதித்திருந்தேன். ஊன்றுவதும் இறுகுவதும் வெளியே பார்க்க ஒன்றுபோல இருக்கும். வித்தியாசம் முழங்காலுக்குத்தான் தெரியும்.

சிகாகோ அணியின் டெரிக் ரோஸ் 2011இல், 22 வயதில், என்.பி.ஏ.வின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கினார். அவ்வளவு இளம் வயதில் அதை வாங்கியவர் அதுவரை இல்லை. அடுத்த ஆண்டு ஏப்ரலில் இடது முழங்கால் போனது. அதன்பின் அறுவை சிகிச்சைகள், அணி மாறுதல்கள், பெஞ்ச். 2018 அக்டோபர் 31 அன்று மினசோட்டாவுக்காக ஒரே ஆட்டத்தில் 50 புள்ளி எடுத்துவிட்டுத் தரையிலேயே அழுதார். அந்தக் காணொளியை நான் அடிக்கடி பார்ப்பேன். 50 புள்ளிக்காகப் பார்ப்பதில்லை. அவர் இடது காலை வைக்கும் விதத்தைப் பார்ப்பேன். பழைய வேகம் இல்லை. வைக்கும்போது ஒரு கணம் கேட்டு வைக்கிறார்.

தானே

2011 டிசம்பர் 30 விடியலில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. இரண்டு தலைமுறை வைத்த மரங்கள். எங்கள் தரையில் ஒரு போர்டுக் கம்பம் வளைந்து, வளையம் மண்ணைப் பார்த்துக் கிடந்தது. வெகுநாள் பிள்ளைகள் அரைத் தரையில், ஒரே வளையத்தில் ஆடினார்கள்.

அப்போது என்.பி.ஏ. ஆட்டக்காரர் டிம் டங்கனை நினைத்துக்கொண்டேன். கரீபியக் கடலில் செயின்ட் குரோய் என்று ஒரு தீவு. அங்கே நீச்சல் பழகிக்கொண்டிருந்த பையன். அவன் அக்கா 1988 ஒலிம்பிக்கில் நீந்தியவர். 1989 செப்டம்பரில் ஹியூகோ புயல் வந்து தீவின் ஒலிம்பிக் அளவு நீச்சல் குளத்தை அழித்துவிட்டது. கடலில் பழகச் சுறா பயம். அடுத்த ஏப்ரலில், அவனது பதினான்காம் பிறந்த நாளுக்கு முந்தைய நாள், அம்மா புற்றுநோயில் போய்விட்டார். அதன் பிறகுதான் கூடைப்பந்து.

வளர்ந்து பெரிய ஆட்டக்காரனானபோது, படிப்பை நடுவில் விட்டுவிட்டு வரச் சொல்லி என்.பி.ஏ. பணம் காத்திருந்தது. போகவில்லை. பட்டம் வாங்குவதாக அம்மாவுக்குச் சொன்ன சொல் ஒன்று இருந்தது. நான்கு ஆண்டும் படித்து உளவியலில் பட்டம் வாங்கிக்கொண்டு 1997இல் போனார். ஒரே அணியில் 19 பருவம், ஐந்து பட்டம். ஆடும் விதத்தில் அலங்காரம் கிடையாது. பிடிப்பார், ஊன்றுவார், திரும்புவார், போர்டில் சாய்த்துப் போடுவார். குளமும் அம்மாவும் போன பையனுக்கு ஊன்ற மிச்சம் இருந்தது ஒரு வாக்கு. அது போதுமாக இருந்திருக்கிறது.

வேலை

தொழில்முறை ஆட்டக்காரர் என்றால் நம் ஊரில் என்ன பொருள்? லீக்குகள் வந்தன, சில நின்றும் போயின. இங்கே ஆட்டக்காரரின் சோறு பெரும்பாலும் ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலைதான். ரயில்வே, வங்கி, வருமான வரி, காவல்துறை. காலையில் பயிற்சி, பிறகு அலுவலகம், மாலையில் மறுபடி பயிற்சி. எனக்கும் அப்படித்தான் இருபத்திரண்டு வயதில் ஒரு மேசை கிடைத்தது. ஆட்டத்தை முழுமூச்சாக எடுக்காமல் வேலையில் ஒளிந்துகொண்டோம் என்று ஒருகாலத்தில் வெட்கப்பட்டேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. மாதம் முதல் தேதி வரும் சம்பளத்தின்மேல் ஒரு காலை வைத்துக்கொண்டு மறு காலை வீசினோம்.

சென்னையின் அனிதா பால்துரை தெற்கு ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டு ஆடியவர். 19 வயதில் இந்தியப் பெண்கள் அணிக்குத் தலைவி. 2001 முதல் 2017 வரை ஒன்பது ஆசியச் சாம்பியன்ஷிப்கள். குழந்தை பெற்ற பிறகும் திரும்பி வந்தார். 2017இல் பெங்களூருவில் பெண்கள் ஆசியக் கோப்பையின் ‘பி’ பிரிவை வென்ற இந்திய அணியில் இருந்தார். இறுதி ஆட்டத்தில் கஜகஸ்தானை வென்றது இரண்டே புள்ளியில். 2021இல் பத்மஸ்ரீ. பட்டியலாகப் படித்தால் ஓட்டமாகத் தெரிகிறது. எனக்கு அதில் தெரிவது பதினேழு பதினெட்டு வருடம் ஒரே இடத்தில் வைத்திருந்த ஒரு கால்.

கால் மாறி

மதுரை வெள்ளியம்பலத்தில் கூத்தன் கால் மாறி ஆடுகிறான். இடது ஊன்றி, வலது தூக்கி. ராஜசேகர பாண்டியன் ஆயகலைகளில் கடைசியாக ஆடல் கற்றானாம். கற்ற அன்று கால் வலித்தது. அப்போதுதான் உறைத்தது, எந்நேரமும் ஒரே காலில் நிற்கிறவனுக்கு எப்படி வலிக்கும் என்று. எனக்காகக் கால் மாறி ஆட வேண்டும் என்று கேட்டான், இறைவன் மாற்றிக்கொண்டான் என்பது திருவிளையாடல்.

எங்கள் ஆட்டத்தில் இது பிழை. பந்தோடு நிற்கிறவன் கால் மாற்றினால் விசில்தான்.

ஆனால் ஆடிக்கொண்டிருந்த காலம் முழுக்க நான் கேட்காத ஒரு கேள்வியைப் பாண்டியன் கேட்டுவிட்டான். கோவை, திருச்சி, பெங்களூரு என்று போட்டிக்குப் போய்க்கொண்டிருந்தபோது, வீட்டில் ஊன்றியிருந்த கால் யாருடையது? வாடகை, பால் கணக்கு, அம்மாவின் மாத்திரை எல்லாம் மனைவி ஒருத்தியின்மேல். முழங்கால் போய் நான் கட்டோடு படுத்திருந்த நாளில் அவள் சொன்னாள், ‘‘நீங்கதான் இப்ப வீட்ல இருக்கீங்களே, நான் பி.எட். சேர்ந்துடட்டுமா?’’ அண்ணாமலை நகருக்குத் தினம் பஸ். நான் ஊன்றுகோலோடு அடுப்படியில் நின்று பால் பொங்காமல் பார்த்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் அந்த வருடம் கால் மாறினோம். விசில் ஊத ஆள் இல்லை.

விதியின் மறுபாதி

முதலில் சொன்ன விதியில் பாதியை விட்டுவிட்டேன். ஊன்றிய காலைத் தூக்கவே கூடாது என்பதில்லை. பந்தை இன்னொருவருக்குக் கொடுக்கும்போதோ வளையத்தை நோக்கி எறியும்போதோ தூக்கலாம். அது மறுபடி தரையைத் தொடுவதற்குள் பந்து கையைவிட்டுப் போயிருக்க வேண்டும். நமக்காகப் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவதற்கு அந்தச் சலுகை கிடையாது.

அமெரிக்கப் பெண்கள் லீகின் மினசோட்டா லின்க்ஸ் அணியில் மாயா மூர் நான்கு பட்டம் வென்றவர். 2019இல், இன்னும் முப்பது வயது ஆகாதபோது, ஆட்டத்தை விட்டு ஒதுங்கினார். தவறான தீர்ப்பால் சிறையில் கிடந்ததாக அவர் நம்பிய ஜொனாதன் அயர்ன்ஸ் என்பவரின் வழக்குக்காக நின்றார். 2020 ஜூலையில் அயர்ன்ஸ் வெளியே வந்தார். உள்ளே போய் இருபது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. மாயா மூர் மறுபடி தரைக்குத் திரும்பவில்லை. நல்ல ஆட்டக்காரி வீணாகிவிட்டாள் என்று சொன்னவர்கள் உண்டு. விதிப்படி பார்த்தால் அவர் செய்ததில் பிழை இல்லை. காலைத் தூக்கினார், பந்து கையைவிட்டுப் போயிருந்தது.

மறுபடி கடலூர்

வெயில் ஏறிவிட்டது. பிள்ளைகள் பத்துப் பேர் ஆடுகிறார்கள். படியில் உட்கார்ந்து பார்க்கிறேன். துடைப்பம் பிடித்த சிறுமி திரும்பும்போது குதிகால் சரியாக எழுகிறது. அவள் நின்ற இடத்தில், மிஞ்சிய மணல் அரைபட்டு ஒரு சின்ன வட்டம் விழுந்திருக்கிறது. கோலப் புள்ளியைத் தேய்த்த மாதிரி.

பந்து யார் கையிலோ பட்டு வெளியே உருண்டு வந்தது. ‘‘சார், பந்து!’’

குனிந்து எடுத்தேன். எடுத்த கையோடு இடது கால் தானாகப் போய் ஊன்றிக்கொண்டது. அறுந்து தைத்த கால்தான். குதிகால் ஒரு நூல் எழுந்தது. மார்போடு பந்தை வைத்து அரைச் சுற்று திரும்பிப் பார்த்தேன். எல்லாரும் கை நீட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் காலியான மூலைக்கு ஓட ஆரம்பித்திருந்தாள்.

எறிந்தேன். பந்து அவளுக்கு இரண்டடி முன்னால் போய் விழுந்தது. ஓடிப் பிடித்துக்கொண்டாள்.